‘கோ’ என்ற குட்டிச் சொல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் கற்பித்து ஓய்வு பெற்ற பிறகு, எங்கள் ஊர் வாசிகசாலையில் சனிக்கிழமைப் பின்னேரங்களில் வகுப்பு வைக்கிறேன். சாதாரண தரப் பரீட்சை எழுதும் பிள்ளைகள் முன்வாங்கில் இருப்பார்கள். கனடாவுக்கோ லண்டனுக்கோ போக ஆயத்தமாகும் பெரியவர்கள் பின்வாங்கில். இரண்டு வாங்குகளிலிருந்தும் வருடா வருடம் ஒரே சந்தேகங்கள்தான் எழும்புகின்றன. அவற்றுள் ‘கோ’ என்ற வினைச்சொல்லைப் பற்றியவற்றை ஒரு கொப்பியில் குறித்து வந்தேன். கொப்பி நிறைந்துவிட்டது, ஆகவே இந்தப் பக்கம்.

ஆங்கிலச் சொற்களை நாங்கள் வாயால் சொல்கிற மாதிரியே தமிழெழுத்தில் எழுதியிருக்கிறேன். ‘வென்ற்’ என்பது கோவின் இறந்தகாலம். ‘வென்ட்’ வேறொரு சொல். கடைசி எழுத்தைக் கவனித்து வாசியுங்கள்.

கோ என்றால் போ. இதில் கேட்பதற்கு என்ன இருக்கிறது, சேர்?

பஸ் போகிறது, சரி. பால் திரிகிறது, அலாரம் அடிக்கிறது, மழை பெய்யப்போகிறது, தலை வழுக்கையாகிறது, இந்தச் சட்டைக்கு அந்தச் சாரம் பொருந்துகிறது. இத்தனைக்கும் ஆங்கிலேயர் கோவையே கூப்பிடுகிறார்கள். தமிழில் கோ என்றால் அரசன். ஆங்கிலத்தில் இவன் அரசன் இல்லை, எல்லா வீட்டு வேலைக்கும் ஓடுகிற எடுபிடி என்று முன்வாங்குப் பிள்ளை ஒன்று சொன்னது. அதைவிட நல்ல விளக்கம் என்னிடம் இல்லை.

ஆனாலும் பிடித்துக்கொள்ள ஒரு கொழுக்கி இருக்கிறது. கோ என்றால் ‘இருந்த இடத்திலிருந்து அப்பால்’. அந்த இடம் படலையாக இருக்கலாம், நல்ல நிலைமையாக இருக்கலாம், இந்த நிமிடமாகவும் இருக்கலாம். கீழே வரும் பல பதில்கள் இந்த ஒரு கொழுக்கியில்தான் தொங்குகின்றன.

அகராதியில் கோவுக்கு எத்தனை பொருள் இருக்கிறது? எல்லாவற்றையும் பாடமாக்க வேண்டுமா?

நூற்றுக்கணக்கில் இருக்கிறது. ஒக்ஸ்போர்ட் பேரகராதியின் 1989ஆம் ஆண்டுப் பதிப்பில் ‘செற்’ என்ற வினை 430 பொருள்களோடு முதலிடத்தில் நின்றது. பின்னர் திருத்தியபோது ‘ரன்’ 645 பொருள்களோடு அதை முந்தியது. சின்னச் சொல்லுக்குத்தான் பொருள் கூட. பாடமாக்க வேண்டாம். தமிழில் ‘போ’ எத்தனை வேலை செய்கிறது என்று நீங்கள் எப்போதாவது பாடமாக்கினீர்களா?

கோவின் இறந்தகாலம் ஏன் வென்ற்? ‘கோட்’ என்று வந்திருக்கக்கூடாதா?

ஆங்கிலக் குழந்தைகளும் இதைத்தான் எதிர்பார்க்கிறார்கள். பேசப் பழகும் வயதில் ‘கோட்’ என்று சொல்லிச் சொல்லித் திருத்தப்படுகிறார்கள். ஆகவே இந்தக் கேள்வி கேட்டவர் வெட்கப்பட வேண்டியதில்லை.

பழைய ஆங்கிலத்தில் இந்த வினை ‘கான்’ என்று இருந்தது. ஜேர்மன்காரரின் ‘கேயன்’ அதன் உடன்பிறப்பு. 1658 முதல் 1795 வரை எங்கள் யாழ்ப்பாணக் கோட்டையில் இருந்த ஒல்லாந்தர் பேசிய மொழியிலும் அதே குடும்பத்துச் சொல்தான். ஆனால் பழைய ஆங்கிலத்திலேயே கானுக்குச் சொந்தமான இறந்தகாலம் கிடையாது. ‘ஏயொடெ’ என்று ஒன்றை வைத்திருந்தார்கள். அதுவும் வேறு வேரிலிருந்து வந்த இரவல். காலப்போக்கில் அதன் ஒலி தேய்ந்து, நிகழ்காலத்தோடு எந்த முகச்சாயலும் இல்லாமல் போயிற்று.

அந்த இடத்துக்கு வந்ததுதான் வென்ற். அது உண்மையில் ‘வென்ட்’ என்ற இன்னொரு வினையின் இறந்தகாலம். சென்ட் – சென்ற், பென்ட் – பென்ற், ஸ்பென்ட் – ஸ்பென்ற் என்று நாம் படிக்கிறோமே, அதே வாய்பாட்டில் வென்ட் – வென்ற். 15ஆம் நூற்றாண்டளவில் தென் இங்கிலாந்தில் கோ இந்த வென்றைத் தன்னுடையதாக்கிக்கொண்டது. ஸ்கொட்லாந்துக்காரர் மட்டும் கோவிலிருந்தே ‘கேட்’ என்று ஓர் இறந்தகாலம் செய்துகொண்டார்கள். ஆகக் கோவுக்கு இறந்தகாலம் இரண்டு தடவை இரவல் வாங்கப்பட்டிருக்கிறது. இரண்டாவது இரவல் திருப்பிக் கொடுக்கப்படவில்லை.

அப்படியானால் வென்ட் என்ற சொல்லுக்கு என்ன நடந்தது?

இறந்தகாலத்தைப் பறிகொடுத்த வென்ட் ‘வென்டெட்’ என்று புதிதாக ஒன்றைச் செய்துகொண்டு ஒரு மூலையில் உயிர் வாழ்கிறது. வளைந்து நெளிந்து மெதுவாகப் போவதைச் சொல்ல மட்டும் கதைகளில் வரும். நல்லூர்த் தேர், வீதியின் மூலையில் வடம் வளைய வளைய நகர்வதை ஆங்கிலத்தில் எழுதுவதென்றால் நான் அந்தச் சொல்லைத்தான் எடுப்பேன்.

அதன் ஆதிப்பொருள் ‘திருப்பு’. முறுக்கு, வளை என்று பொருள்படும் ‘வைண்ட்’டும் அலைதலைக் குறிக்கும் ‘வொண்டர்’ரும் அதன் சொந்தக்காரர். திருப்புவதைக் குறித்த சொல் போவதைக் குறிக்க வந்ததா என்று வியக்க வேண்டாம். ‘அவன் ஊர் திரும்பினான்’ என்கிறோம். அங்கே அவன் முகத்தைத் திருப்பினான் என்று ஒருவரும் விளங்கிக்கொள்வதில்லை.

‘ஐ டிட் நொற் வென்ற்’ என்று எழுதினேன். புள்ளி வெட்டிவிட்டார்கள். நடந்து முடிந்த காரியம்தானே?

நடந்து முடிந்ததைச் சொல்லும் பொறுப்பை ‘டிட்’ ஏற்றுக்கொண்டுவிட்டது. ஒரு வாக்கியத்தில் அந்த வேலைக்கு ஓர் ஆள் போதும். ஆகவே ‘டிட் நொற் கோ’. கேள்வியிலும் அப்படியே: ‘டிட் யூ கோ’.

தமிழைப் பாருங்கள். நேற்றுப் போனேன், ஆனால் நேற்றுப் ‘போகவில்லை’. ‘போனவில்லை’ என்று உங்கள் வாயில் ஒருநாளும் வராது. எதிர்மறை வந்ததும் தமிழ் வினையும் தன் இறந்தகால உடுப்பைக் கழற்றிவிடுகிறது. பரீட்சை மண்டபத்தில் தடுமாறினால், மனதுக்குள் ‘போகவில்லை’ என்று ஒருமுறை சொல்லிவிட்டு எழுதுங்கள். இதைச் சொல்லிக்கொடுத்த பிறகு இந்தப் பிழை என் வகுப்பில் வெகுவாகக் குறைந்தது.

‘கோ ரு ஸ்கூல்’ என்று ‘ரு’ போடுகிறோம். ‘கோ ஹோம்’ என்னும்போது ஏன் போடுவதில்லை?

பழைய ஆங்கிலத்தில் பெயர்ச்சொற்களுக்கு வேற்றுமை இருந்தது. வீட்டைக் குறித்த ‘ஹாம்’ தனியே நின்றாலே ‘வீட்டை நோக்கி’ என்ற பொருள் தரும். வேற்றுமைகள் பெரும்பாலும் உதிர்ந்துபோயின, இந்தப் பழக்கம் மட்டும் தங்கிவிட்டது. அங்கே, இங்கே, வெளிநாடு, மேல்மாடி ஆகியவற்றைக் குறிக்கும் சொற்களுக்கும் ‘ரு’ வராது. நாமும் ‘கொழும்பு போகிறேன்’, ‘வீடு வந்து சேர்ந்தான்’ என்று ‘கு’ உருபை விட்டுவிட்டுத்தானே பேசுகிறோம்.

‘ஸ்கூல்’ என்பதற்கு முன்னால் ‘த’ ஏன் இல்லை என்பது துணைக் கேள்வி. படிக்கப் போகிறவனுக்கு ‘த’ இல்லை. பிள்ளையின் தேர்ச்சி அறிக்கை வாங்கப் போகும் தகப்பனுக்கு ‘த’ உண்டு. தேவாலயத்துக்கும் சிறைக்கும் இதே கணக்கு. ஆஸ்பத்திரி விடயத்தில் பிரித்தானியர் நோயாளிக்கு ‘த’ போடுவதில்லை, அமெரிக்கர் போடுவார்கள். சந்தைக்கும் கடைக்கும் எல்லோரும் போடுவார்கள்.

மாஸ்ரர், என் மகன் கனடாவில் இருக்கிறான். ‘ஹாஸ் பீன் ரு கனடா’ என்று விண்ணப்பத்தில் எழுதினேன். மகள் பிழை என்கிறாள்.

மகள் சொல்வது சரி. ‘ஹாஸ் கோன்’ என்றால் போய்விட்டான், இங்கே இல்லை. ‘ஹாஸ் பீன்’ என்றால் போய் வந்திருக்கிறான், இப்போது இங்கே நிற்கிறான். நீங்கள் எழுதியதை வாசித்த அலுவலர், மகன் சுன்னாகத்தில் உங்களோடு இருப்பதாகத்தான் நினைத்திருப்பார்.

தமிழில் ‘போய்விட்டான்’, ‘போய் வந்திருக்கிறான்’ என்று வேறுபாடு பளிச்சென்று தெரிகிறது. ஆங்கிலத்தில் திரும்பி வந்தவனுக்குக் கோவின் வடிவமே கிடைப்பதில்லை. ‘பீ’ வினையிலிருந்து ‘பீன்’ வந்து நிற்கிறது. குழப்பம் அங்கேதான். அப்பால் போனவனுக்குக் கோன், இங்கே இருப்பவனுக்கு இருத்தலைச் சொல்லும் வினை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

‘ஹீ ஹாஸ் கோன்’ சரி. ‘ஹீ இஸ் கோன்’ என்றும் கேட்கிறேனே?

இரண்டும் சரி. முன்னாளில் ஆங்கிலத்தில் அசைவைக் குறிக்கும் வினைகளுக்கு ‘ஹாஸ்’ அல்ல, ‘இஸ்’தான் துணை. 1611ஆம் ஆண்டு ஆங்கில விவிலியத்தில் உயிர்த்தெழுதலைச் சொல்லும் இடத்திலும் ‘இஸ் ரிஸன்’ என்றே இருக்கிறது. உயிர்த்த ஞாயிறு வாழ்த்தில் அதை இன்றும் கேட்கலாம். மற்ற வினைகள் கட்சி மாறிவிட்டன. கோன் இரண்டு பக்கமும் கால் வைத்திருக்கிறது.

‘இஸ் கோன்’ என்பதில் இனி இல்லை என்ற அழுத்தம் கூட. ஆகவே முதியவர் ஒருவரைப் பற்றிச் சொல்லும்போது கவனம். ‘அப்பு போய்விட்டார்’ என்று தமிழில் சொன்னால் கேட்பவர் முகம் மாறும். அங்கேயும் மாறும்.

‘ஐ ஆம் கோயிங் ரு ஸ்லீப்’ என்கிறார்கள். எங்கே போகிறார்கள்? கட்டிலில்தானே கிடக்கிறார்கள்?

நீங்கள் ‘நித்திரை கொள்ளப் போகிறேன்’ என்று சொல்லும்போது எங்கே போகிறீர்கள்? ‘மழை பெய்யப் போகிறது’ என்கிறோம்; மழை எங்கே போகிறது?

ஆங்கிலத்தில் இது படிப்படியாக நடந்தது. முதலில் கால் நடந்தது: ஒரு காரியம் செய்வதற்காக ஓரிடத்துக்குப் போய்க்கொண்டிருக்கிறேன். 15ஆம் நூற்றாண்டில் அந்த மாதிரி வாக்கியங்கள் தென்படத் தொடங்குகின்றன. போகிறவன் மனதில் எண்ணம் இருக்கும், எண்ணம் இருந்தால் காரியம் இனிமேல்தான் நடக்கும். 17ஆம் நூற்றாண்டுக்குள் கால் நின்றுவிட்டது. எண்ணமும் எதிர்காலமும் மிஞ்சின. அதன் பிறகு எண்ணமே இல்லாத மழையும் மரமும்கூட ‘கோயிங் ரு’ என்று பேசப்பட்டன.

பிரெஞ்சுக்காரரும் ஸ்பானியரும் தங்கள் தங்கள் ‘போ’வை இதே வேலைக்கு வைத்திருக்கிறார்கள். ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதியது என்று நினைக்க வேண்டாம். காலத்தை ஒரு தெரு மாதிரிப் பார்க்கிற மனிதருக்கு, வரப்போவது தெருவின் அந்தப் பக்கம் இருக்கிறது. அங்கே சேர்வதற்குப் போகத்தான் வேண்டும்.

‘கொனா’ என்று படங்களில் வருகிறது. பரீட்சையில் எழுதலாமா?

எழுதக்கூடாது. ஆனால் கேட்டுப் பழகுங்கள், ஏனென்றால் அது மேலே சொன்னதற்குச் சாட்சி. எதிர்காலம் சொல்லும் ‘கோயிங் ரு’ மட்டுமே ‘கொனா’ என்று சுருங்கும். உண்மையில் ஓரிடத்துக்குப் போகும்போது சுருங்காது. ‘ஐ ஆம் கொனா யாழ்ப்பாணம்’ என்று எந்த ஆங்கிலேயனும் சொல்லமாட்டான். ஒரே சொல் இரண்டு சொல்லாகப் பிரிந்துவிட்டதை வாய் முதலில் கண்டுபிடித்திருக்கிறது. ‘ஐ ஆம் கோயிங் ரு கோ’ என்று இரண்டு தடவை வருவதும் இதனால்தான். நமக்கு அது புதிதல்ல: ‘போகப் போகிறேன்’.

தொலைபேசியில் தோழியிடம் ‘நாளைக்கு உன் வீட்டுக்கு வருகிறேன்’ என்று ஆங்கிலத்தில் சொல்ல வேண்டும். நான் போகிறேன்தானே, ‘கோ’வா ‘கம்’மா?

‘கம்’. உங்கள் தமிழே பதிலைச் சொல்லிவிட்டது. இந்தக் கேள்வியில் ஓர் இருபது நிமிடம் நிற்பது என் வழக்கம், மன்னிக்கவும்.

தொல்காப்பியச் சொல்லதிகாரத்தின் கிளவியாக்க இயலில் நான்கு சொற்களைப் பற்றி ஒரு விதி இருக்கிறது: செலவு, வரவு, தரவு, கொடை. இவற்றுள் வருதலும் தருதலும் தன்மைக்கும் முன்னிலைக்கும் உரியவை. செல்லுதலும் கொடுத்தலும் படர்க்கைக்கு உரியவை. அதாவது என்னிடமும் வரலாம், உன்னிடமும் வரலாம். அவனிடம் போகத்தான் வேண்டும். எனக்குத் தா, உனக்குத் தருகிறேன், அவனுக்குக் கொடு. யாழ்ப்பாணத்தில் இன்றும் ஒரு சின்னப்பிள்ளை ‘எனக்குக் கொடு’ என்று சொன்னால் காதுக்கு ஒரு மாதிரி இருக்கும். சிறுப்பிட்டியில் பிறந்த சி.வை. தாமோதரம்பிள்ளை 1868இல் சேனாவரையர் உரையோடு சொல்லதிகாரத்தை அச்சேற்றினார். அதே விதி ஆங்கிலத்துக்கும் கண்ணாடி பிடிக்கும் என்பதை நான் பள்ளிக்கூடத்தில் கற்பித்துக்கொண்டிருந்த காலத்தில் கவனிக்கவே இல்லை. ஓய்வு பெற்ற பிறகுதான் கண்டேன்.

ஆங்கிலக் ‘கம்’ அப்படித்தான் நடக்கிறது. பேசுகிறவரையோ கேட்கிறவரையோ நோக்கிய அசைவுக்குக் கம், மூன்றாம் இடத்துக்குக் கோ. அம்மா அடுப்படியிலிருந்து சாப்பிடக் கூப்பிட்டால் ‘ஐ ஆம் கமிங்’, தமிழில் ‘வருகிறேன்’. ஸ்பானியன் இதே இடத்தில் ‘போகிறேன்’ என்று பதில் சொல்வான். அவனுக்குத்தான் ஆங்கிலம் இங்கே கடினம், உங்களுக்கு இல்லை.

வீட்டை விட்டுப் புறப்படும்போது ‘போய்விட்டு வருகிறேன்’ என்பதை எப்படிச் சொல்வது? ‘ஐ வில் கோ அன்ட் கம்’ சரியா?

இலங்கையில் சரி. லண்டனில் விளங்கும், ஆனால் புருவம் உயரும். அங்கே ‘ஐ ஆம் ஒஃப்’ என்றோ, பிறகு சந்திப்போம் என்ற பொருளில் ‘சீ யூ’ என்றோ சொல்வார்கள்.

‘போகிறேன்’ என்று மட்டும் சொல்லிவிட்டு ஒருவர் படலையைத் திறந்தால் எங்கள் வீடுகளில் கிழவிகள் விடமாட்டார்கள். போவதைச் சொன்னால் வருவதையும் சொல்ல வேண்டும். (‘போய்விட்டு’ எங்கள் பேச்சில் ‘போட்டு’ என்று சுருங்கும்.) சிங்களத்திலும் ‘கிஹின் என்னம்’ என்று, போய் வருவதையே சொல்கிறார்கள். இரண்டு மொழிக்காரரும் ஆங்கிலம் பேசத் தொடங்கியபோது அந்த வழக்கத்தைக் கூடவே கொண்டுபோனார்கள். இலங்கை ஆங்கிலத்தில் அது அப்படி ஊன்றிவிட்டது. பரீட்சைக் கடிதத்தில் தவிருங்கள். கொழும்பில் பேசும்போது தவிர்க்க வேண்டாம். இதைப் பிழை என்று சிரிக்கிறவர்களோடு எனக்கு உடன்பாடு கிடையாது.

‘கோ மாட்’, ‘கோ பாட்’, ‘கோ போல்ட்’ என்கிறார்கள். பைத்தியமாவதற்கும் பழுதாவதற்கும் வழுக்கை விழுவதற்கும் ஏன் ‘போ’?

மீண்டும் தமிழுக்கு வாருங்கள். மீன் கெட்டுப்போயிற்று. மதில் இடிந்துபோயிற்று. துணி வெளிறிப்போயிற்று. கிழவர் செத்துப்போனார். எந்த மீனும் மதிலும் எங்கும் நடந்து போகவில்லை. இருந்த நல்ல நிலையிலிருந்து அப்பால் போயின. முதல் கேள்வியில் சொன்ன கொழுக்கி இதுதான்.

ஆகவே ஆங்கிலத்திலும் இந்தக் கோ பெரும்பாலும் கெட்ட பக்கமே சாயும். பார்வை போதல், செவி போதல், பைத்தியம் பிடித்தல், கணக்குப் பிழைத்தல். ஒருவன் பணக்காரனாகும்போது கோ வராது. நல்ல பக்கம் வேண்டுமானால் கம் வருகிறது: கனவு மெய்ப்படுவதை ‘கம் ட்ரூ’ என்கிறார்கள். நாமும் காய்ச்சல் ‘குணமாகி வருகிறது’, பிள்ளை படிப்பில் ‘தேறி வருகிறான்’, காரியம் ‘கூடிவருகிறது’ என்கிறோம். நல்லது நம்மை நோக்கி வரும், கெட்டது நம்மை விட்டுப் போகும். இரண்டு மொழிகளும் கடல்களுக்கு அப்பால் இருந்துகொண்டு இதில் ஒத்துப்போவது எனக்கு இன்னும் அலுக்காத ஆச்சரியம்.

நிறம் மாறுவதற்குக் கோ வரும், அது கெட்டதென்று இல்லை. வெட்கத்தில் முகம் சிவப்பதற்கும் போக்குவரத்து விளக்கு பச்சையாவதற்கும் கோதான். இங்கே இருந்த நிறத்திலிருந்து அப்பால் என்று கொள்ளுங்கள். அதற்கு மேல் நியாயம் தேடினால் தலை நரைக்கும். அதற்கும் ‘கோ கிரே’தான்.

அலாரம் ‘வென்ற் ஒஃப்’ என்றால் நின்றுவிட்டது என்றுதானே பொருள்? கிளாஸ் ரெஸ்ற்றில் பிழை போட்டிருக்கிறீர்கள்.

பிழை போட்டது நியாயம், ஏமாந்ததும் நியாயம். விளக்கு ‘வென்ற் ஒஃப்’ என்றால் அணைந்தது. அலாரம் என்றால் அடித்தது. குண்டு என்றால் வெடித்தது. பால் என்றால் திரிந்தது. இந்த ஊரில் நாலையும் அனுபவித்தவர்கள் இருக்கிறோம்.

‘ஒஃப்’ என்பதை ஆளியில் எழுதியிருக்கும் ‘ஒஃப்’ என்று மட்டும் பார்ப்பதால் வரும் வினை. அந்தச் சொல்லுக்கும் ‘விட்டு விலகி’ என்பதே ஆதிப்பொருள். கையை விட்ட அம்பு போல, அடங்கிக் கிடந்த நிலையை விட்டு அலாரமும் குண்டும் புறப்படுகின்றன. எரிந்த நிலையை விட்டு விளக்கு போகிறது, நல்ல நிலையை விட்டுப் பால் போகிறது. புறப்பட்ட இடம் எது என்று கேட்டால் பொருள் கிடைத்துவிடும். ‘மின்சாரம் போய்விட்டது’ என்று சொல்ல இங்கே யாருக்கும் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை. தொண்ணூறுகளில் ஆண்டுக்கணக்காக அது போயே இருந்தது.

‘அகோ’ என்ற சொல்லிலும் கோ இருக்கிறதா, தற்செயலா?

தற்செயல் இல்லை. ‘அகோன்’ என்று ஒரு பழைய வடிவம், கழிந்துபோன என்று பொருள். அதன் வால் தேய்ந்து அகோ ஆயிற்று. ‘ரென் இயர்ஸ் அகோ’ என்பது, போன பத்து வருடம். நாம் ‘போன கிழமை’, ‘போன வருடம்’ என்று சொல்வதோடு வைத்துப் பாருங்கள்.

‘அண்டர்கோ’வுக்கும் ‘அண்டர்வென்ற்’ தானா?

ஆம். சத்திரசிகிச்சைக்கு உட்பட்டார் என்பதற்கு அதுதான். கைவிடுதலைக் குறிக்கும் ‘ஃபோகோ’வும் அப்படியே, ஆனால் அதன் இறந்தகாலத்தை யாரும் அதிகம் வாயில் எடுப்பதில்லை, நீங்களும் எடுக்க வேண்டாம்.

‘ஹவ் டஸ் த சோங் கோ?’ பாட்டு எங்கே போகும்?

‘அந்தப் பாட்டு எப்படிப் போகும்?’ என்று மெட்டு மறந்தவரிடம் நீங்கள் கேட்டதே இல்லையா? கதை இப்படிப் போகிறது, பேச்சு எங்கெங்கோ போயிற்று என்றும் சொல்கிறோம். ஆங்கிலத்தில் நாய் குரைப்பதையும் பூனை கத்துவதையும் குழந்தைகளுக்குச் சொல்லும்போது இதே கோ வரும். இளையோர் ‘அவன் சொன்னான்’ என்பதற்குப் பதிலாகவும் இதைப் போட்டுப் பேசுகிறார்கள். கேட்டால் விளங்கிக்கொள்ளுங்கள், எழுத வேண்டாம்.

மாஸ்ரர், ஆங்கிலக் ‘கோ’ நம் ‘போ’விலிருந்து வந்தது என்று வாட்ஸ்அப்பில் வந்தது. வடமொழிக் ‘கமனம்’ என்றும் ஒருவர் சொல்கிறார். எது உண்மை?

இரண்டும் இல்லை. ஓசை ஒத்துவந்தால் உறவு என்று சொல்ல முடியாது. ஒரு சொல்லில் காணும் ஒலிமாற்றம் பல சொற்களில் திரும்பத் திரும்பக் கிடைக்க வேண்டும். கோவும் போவும் ஒரே வேலை செய்கின்றன என்று இவ்வளவு நேரம் காட்டினேன். வேலை ஒன்று, வேர் வேறு.

கமனம் கதை இன்னும் சுவையானது. வடமொழி ‘கம்’ வேரிலிருந்து வந்தவை கமனம், ஆகமம், சங்கமம். அந்த வேருக்கு ஆங்கிலத்தில் உறவு உண்டு. ஆனால் கோ அல்ல, ‘கம்’! பொருள் போதலிலிருந்து வருதலுக்குத் திரும்பியிருக்கிறது. கோவுக்கோ, விடுதலைக் குறிக்கும் வடமொழி ‘ஹா’ வேரை ஒப்பியல் மொழியறிஞர் உறவாகக் காட்டுகிறார்கள். ‘பிராணஹானி’ என்பதில் வரும் ஹானி அந்த வேரில் பிறந்தது. ஓசையை நம்பிப் போனவருக்கு இரண்டு இடத்திலும் வழி தப்பும்.

தமிழிலிருந்து ஆங்கிலத்துக்குப் போன சொற்கள் வேண்டுமென்றால் உண்மையானவையே போதுமான அளவு இருக்கின்றன: கட்டுமரம், மிளகுதண்ணீர், கறி. யாழ்ப்பாணத்துக்குப் பேர் வாங்கித் தந்த சுருட்டும் அங்கே ‘செரூட்’ என்று போய்ப் புகைந்துகொண்டிருக்கிறது. இவற்றை விட்டுவிட்டு இல்லாத உறவை ஏன் தேட வேண்டும்?

அம்மம்மா எங்களைக் கண்டதும் ‘வாங்கோ, வாங்கோ’ என்கிறார். வரச் சொல்கிறாரா, ‘கோ’ என்று போகச் சொல்கிறாரா?

ரொறன்ரோவிலிருந்து விடுமுறைக்கு வந்த எட்டு வயதுப் பிள்ளை கேட்டது. பின்வாங்கு முழுவதும் சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை, ஏனென்றால் அந்தக் காதுக்கு அப்படித்தான் கேட்கும்.

வாருங்கள் என்பதன் ‘ங்கள்’ எங்கள் பேச்சில் ‘ங்கோ’ ஆகியிருக்கிறது. மரியாதைக்கு வரும் வால் அது: இருங்கோ, சாப்பிடுங்கோ, சொல்லுங்கோ. ஆங்கிலக் கோவோடு அதற்கு ஒரு தொடர்பும் இல்லை என்று சொன்னேன். பிள்ளைக்கு முழுத் திருப்தி இல்லை. நீங்கள் கனடாவுக்குப் புறப்படும் நாளில் அம்மம்மா என்ன சொல்கிறார் என்று கவனித்து வந்து எனக்குச் சொல் என்றேன்.

இரண்டு கிழமை கழித்து, விமான நிலையத்துக்குப் போகிற வழியில் வாகனத்தை வாசிகசாலை வாசலில் நிறுத்தச் சொல்லி, யன்னலால் தலையை நீட்டிச் சொல்லிவிட்டுப் போயிற்று: ‘போட்டு வாங்கோ.’